நீராவி மெஷினும் முக்கோணச் சாவியும்

ஜனவரி 9

தம்பிக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் அப்புறம் உங்களிடம் பெரிய மனுஷி வேஷம் போட முடியாது. இரண்டு பேருக்கும் சௌகரியம்.

நான் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அங்கே முகத்துக்கு நீராவி பிடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. என் மகளுக்கு நடந்தது எனக்குத் தெரியவந்த வருடம், தினமும் அந்த மெஷினில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வீட்டில் அழ வழியில்லை. நான் மூக்கை உறிஞ்சினாலே மகள் வந்து எதிரில் நின்றுகொள்வாள். ஆவிக்குள் அழுதால் எது வேர்வை, எது கண்ணீர் என்று கடவுளுக்கே தெரியாது. ஒரு நாள் தலையை நிமிர்த்தினால் எதிரில் வாடிக்கைக்கார அம்மா ஒருத்தர். "என்ன பேஷியல் இது? முகம் இப்படிப் பளபளங்குது. எனக்கும் இதையே போட்டு விடுங்க" என்றார். நான் மறுவார்த்தை பேசாமல் போட்டுவிட்டேன். ஸ்பெஷல் என்று ஒரு பெயரும் வைத்தேன். அந்த வருடம் முழுக்க அதற்கு நல்ல கிராக்கி.

இந்த லட்சணத்தில் இருக்கிற ஒருத்தியைத்தான் உங்களுக்குத் துணையாகப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் குழுவைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பல் ஆஸ்பத்திரிக்கு மேலே உள்ள அறையில், பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்துபோன அம்மாக்கள் கூடுகிறோம். யாராவது மனதைத் திறந்து பேச ஆரம்பிக்கும்போதுதான் கீழே பல் துளைக்கிற மெஷின் ஓடும். நடத்துகிறவர் ஒரு மனநலக் கவுன்சிலர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார். அதனால் கண்ணாடி மேடம். கூட்டத்துக்கு வராதவர்களுக்காக அவர் செய்த ஏற்பாடுதான் இந்தக் கடிதம். பெயர் எழுதக் கூடாது, ஊர் எழுதக் கூடாது, ஒட்டிய உறை அவர் கைவழியாகப் போகும், அவர்கூடப் பிரிக்க மாட்டார். வம்பு பேசுகிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி எழுத மறந்துவிட்டார், நான் நுழைந்துவிட்டேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார். "மகனுக்குப் பத்து வயது. செய்தவர் டியூஷன் மாஸ்டர். கேஸ் நடக்கிறது. கூட்டத்துக்கு வர மாட்டேன், எல்லாரும் பெண்கள். எழுதினால் படிப்பேன்." தந்தி அடிக்கிறவர்கள்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக எழுதுவார்கள், தம்பி.

எனக்குச் சட்டமும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. என் மகள் வந்து சொன்னபோது அவளுக்கு எட்டு வயது. செய்தது என் வீட்டுக்காரரின் உயிர் நண்பன். வீட்டுக்காரர் நண்பனை நம்பினார், நான் மகளை நம்பினேன். அதோடு அவர் ஒரு வீடு, நாங்கள் ஒரு வீடு. அந்த மகள் இப்போது என்னைவிட உயரம், என்னைவிட வாய். குளிக்கும்போது பாடுவாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியட்டும், அதற்காகச் சொல்கிறேன்.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். அது மேடத்தின் இலாகா. என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் எத்தனை ஜன்னல், இன்றைக்கு யார்மேல் எரிச்சல், இதை எழுதுங்கள் போதும்.

பார்லர் அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

நான் வேலை ரிப்போர்ட் தவிர எதுவும் எழுதியதில்லை. அதனால் கேட்ட வரிசையில் எழுதுகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக். ஜன்னல் ஒன்று, சுவரைப் பார்த்தது. எரிச்சல் உங்கள்மேல். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். கிழிக்கப் போனேன், என் மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அந்தச் சீட்டை என்னை எழுத வைத்ததும் அவள்தான். போனில் பேசலாமே என்று மேடம் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை. எந்த மூலையில் பேசினாலும் எல்லா மூலையிலும் கேட்கும்.

ஐந்து மாடிக் கட்டிடத்தில் கீழ்த்தளம், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கட்டிடத்து லிஃப்டை நானே பார்த்துக்கொள்வதால் பாதி வாடகை. மாஸ்டர் வீடு ஐந்தாம் மாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையனை நான்தான் லிஃப்டில் ஏற்றி, உள்ளே கையை நீட்டி ஐந்தை அழுத்திவிடுவேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஜாமீனில் இருக்கிறார். பழக்கத்தில் மரியாதையாக எழுதிவிட்டேன். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது, இருக்கட்டும். அந்த ஆள் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவைப் பார்க்க இங்கே வருகிறான். பையன் பக்கத்தில் போகக் கூடாது என்றுதான் கோர்ட் சொன்னதாம், அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையாம். லிஃப்ட் ஓடும் சத்தம் எங்கள் சுவரில் கேட்கும். மேலே போகிறதா கீழே வருகிறதா என்று பையனுக்குச் சத்தத்திலேயே தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை அப்படியே நின்றுவிடும்.

கட்டிடத்துச் செயலாளர் என்னை வாசலில் நிறுத்தி, "தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் அமைதியா இருங்க. அவரு எவ்வளவு படிச்சவரு" என்றார். என் பையன் இரண்டாவது பக்கமாம். வீடு மாறலாம் என்றால் முழு வாடகைக்கு எங்கே போவது? போய்விடுவோம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள், போக முடியாமல் நாங்கள் இருக்கிறோம்.

பையன் கூடத்தை ஒட்டிய அறையில் படுக்கிறான். அந்த வாசலில் குறுக்கே பாய் போட்டு நான் படுக்கிறேன்.

இப்போது புதுப் பிரச்சினை. பையன் திருட ஆரம்பித்துவிட்டான். என் பையிலிருந்து முதலில் ஸ்குரூ டிரைவர் போனது. அப்புறம் பெரிய ஸ்பேனர். போன வாரம் முக்கோணச் சாவி. வெளியிலிருந்து எந்த மாடியிலும் லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி அது. லிஃப்ட் நிற்காத மாடியிலும் திறக்கும். திறந்தால் உள்ளே கிணறு மாதிரி வெறும் குழி. அதைத் தொலைத்தால் வேலையே போகும். கம்பெனியில் எழுத்துமூலமாக எச்சரித்துவிட்டார்கள். பையனைக் கேட்டேன். சுவரைப் பார்த்தான். கத்தினேன். அன்றிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறான்.

இதுவும் அதனால்தானா? எனக்குத் தேன் தடவிப் பதில் எழுத வேண்டாம்.

லிஃப்ட் மெக்கானிக்


ஜனவரி 29

லிஃப்ட் தம்பிக்கு,

தேன் நான் முகத்தில்தான் தடவுவேன், அதுவும் கேட்டால் மட்டும்.

உங்கள் மகன் திருடவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் எனக்கு இதில் அனுபவம் இருக்கிறது. அந்த வருடம் என் கத்திரிக்கோல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முடி வெட்ட வந்த பெண்ணை ஈரத் தலையோடு உட்கார வைத்துவிட்டுப் பக்கத்துத் தையற்கடையில் கடன் கேட்டு ஓடினேன். துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் வெட்டியதில் ஒரு பக்கம் தோளிலும் ஒரு பக்கம் காதிலும் நின்றது. அந்தப் பெண் இப்போதும் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். கடைசியில் அத்தனை கத்திரிக்கோலும் என் மகளின் தலையணை உறைக்குள் இருந்தன. தற்காப்புக்கு, தம்பி. பயந்த பிள்ளை ஆயுதம் சேர்க்கிறது. இதை நான் எங்கள் குழுவில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் நான் சொல்வதைச் செய்யுங்கள். அவன் அறைக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் ஒன்று போட்டுக் கொடுங்கள். போடும்போது அவனையே ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலைமாட்டில் ஒரு டார்ச் கொடுங்கள். சாவி தானாக வந்துவிடும்.

அப்புறம் அந்தப் பாய். அதைச் சுருட்டி வைத்துவிடுங்கள். நானும் என் மகள் அறை வாசலில் குறுக்கே படுத்தவள்தான். கண்ணாடி மேடம் ஒரு நாள் கேட்டார்: "அவ தண்ணி குடிக்க எழுந்தா உங்களைத் தாண்டிக் காலை வெக்கணும். தினமும் அம்மாவைத் தாண்டும்போது அவளுக்கு என்ன தோணும்? அம்மாவுக்கு இன்னும் பயம் போகலைன்னுதானே?" வீட்டுக்கு வந்தேன். பாயைச் சுருட்டினேன். எதிர்க் கட்டிடத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். விஷயம் முடிந்தது. முதுகு வலிகூட நின்றுவிட்டது. முட்டி வலி மட்டும் இருக்கிறது, அது நின்றுகொண்டே புருவம் திருத்துகிற தொழில் கொடுத்த சீதனம்.

ஐந்தை அழுத்தியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, "மாமாகிட்ட சமத்தா இருக்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். இன்றுவரை யாராவது குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து இரட்டைச் சடை கேட்டால் என் உதவியாளப் பெண்தான் பின்னுவாள். எனக்குக் கையில் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். விரல் உங்களுடையதுதான், ரிப்பன் என்னுடையதுதான். செய்தது நாம் இல்லை. இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், ஆனாலும் நிஜம் அதுதான்.

ஒரு வம்புக் கேள்வி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போய் முதலில் என்ன சொல்வீர்கள்? யார் யாரோடு மாட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் என் பார்லர் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

தாழ்ப்பாள் போட்டேன். ஸ்குரூவைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தான். போட்டு முடிந்ததும், "சரியா இருக்கா, பார்" என்றேன். தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தாழ் போடவில்லை. டார்ச் மேஜைமேல் கிடக்கிறது. சாவி வரவில்லை. உங்கள் அனுபவம் எங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். நான் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனதும் பையன் என் பையைத் திறக்கிறான். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு அதே மாதிரி அடுக்குகிறான். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஒளித்து வைக்கிற பிள்ளையின் முகமாக இல்லை அது. சோதனை போடுகிற ஆளின் முகம்.

உங்கள் வம்புக் கேள்விக்குப் பதில். போனதும் லிஃப்டைத் தொட மாட்டேன். கதவில் தட்டி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சு முட்டுகிறதா என்று கேட்பேன். "நான் வந்துட்டேன். லிஃப்ட் விழாது. நீங்களா கதவைப் பிளக்கப் பார்க்காதீங்க. உங்களை வெளிய எடுக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்பேன். எத்தனை நிமிஷம் ஆகும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்ன நேரம் தவறினால் அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். லிஃப்ட் நின்றதால் யாருக்கும் அடி படுவதில்லை. பொறுக்க முடியாமல் பாதியில் குதிக்கிறவர்களுக்குத்தான் அடி படும். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வீட்டுக்கார அம்மாக்கள் ஒரு தடவை மாட்டினார்கள். கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். அதிலிருந்து சிநேகம். உங்கள் பார்லருக்கு இது போதும்.

இதை எழுதும்போதே, இத்தனையும் தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை வரவில்லையே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. வீடு லிஃப்ட் இல்லை, அக்கா. வீட்டுக்கு வெளியே நிற்க எனக்கு இடம் கிடையாது. நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். கேஸ் ஆரம்பித்த புதிதில் என் தம்பி போன் பண்ணினான். அவனிடம், "ஒரு நாள் அந்த ஆள் லிஃப்ட்ல ஏறட்டும். சாவி என் கையிலதான் இருக்கு. குழிக்குள்ள விழுந்தான்னா யார் கேட்கப் போறா" என்றேன். கோபத்தில் சும்மா சொன்னது. சும்மாதான் சொன்னேனா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. கம்பெனியில் புதுச் சாவி கொடுத்துவிட்டார்கள். இதை இடுப்பிலேயே கட்டியிருக்கிறேன், பையில் வைப்பதில்லை. வருகிற ஞாயிறு எனக்கு லீவு.

லிஃப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 14

தம்பி,

இதை மேடத்தின் கையில் நேரில் கொடுத்து, இன்றே உங்கள் மனைவியின் மருந்துக்கடையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். விதியை மீறியாகிவிட்டது. என்னைக் குழுவைவிட்டு நீக்கினால் நீக்கட்டும்.

நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு மட்டும் இல்லை, எத்தனையோ பேருக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் மகளிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் இதை நான் அவளிடம் கேட்டதே இல்லை, எனக்குத்தான் பதில் தெரியுமே. "ஏண்டி, அப்போ கத்திரிக்கோலையெல்லாம் எதுக்கு ஒளிச்சு வெச்சே?" என்றேன். சிரித்தாள். "நீதானேம்மா கஸ்டமர் தலையில கத்திரியை வெச்சுக்கிட்டே, அவனைப் பார்த்தா இதாலயே குத்திடுவேன்னு சொன்னே. குத்தினா உன்னைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும். அப்புறம் நான் யார்கூட இருப்பேன்?"

தற்காப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை என்னை ஜெயிலுக்குப் போகாமல் காவல் காத்திருக்கிறது. நான் அதைக் குழுவில் கதையாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் எல்லா மூலையிலும் கேட்கும் என்று நீங்களே எழுதினீர்கள். உங்கள் தம்பியோடு போனில் பேசியபோது மகன் எந்த மூலையில் இருந்தான்? அவன் எடுத்ததை யோசித்துப் பாருங்கள். டார்ச்சை எடுத்தானா? தாழ்ப்பாளைப் போட்டானா? அவனுக்கு வேண்டியது அவனைக் காப்பாற்றுகிற சாமான் இல்லை. உங்களைத் தடுக்கிற சாமான்.

அந்த ஆள் அவனிடம் எதையாவது சொல்லித்தான் வாயை அடைத்திருப்பான். பெரும்பாலும் சொல்வது இதுதான்: சொன்னால் உன் வீடு நாசமாகும். பிள்ளை தைரியமாகச் சொன்னது. இப்போது வீடு நாசமாகிறதா இல்லையா என்று உங்கள் பையைத் திறந்து திறந்து பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எதையாவது செய்தால், அந்த ஆள் சொன்னது பலித்துவிடும்.

உங்கள் கோபத்தை விடச் சொல்லவில்லை. எனக்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிடத்தில் இருக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தில் சிரிப்பு வரவில்லை. மன்னிக்கவும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மனைவி என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். மறுபடி புத்தி சொல்லியிருப்பீர்கள் என்ற கோபத்தில் பிரிக்கவில்லை. ஞாயிறு காலை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். லிஃப்டை இழுக்கிற மோட்டார் அறை அங்கேதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாவி இடுப்பில் இருந்தது. அந்த ஆள் வரும் நேரம் ஆகவில்லை. சும்மா நிற்க முடியவில்லை, அதனால் கடிதத்தைப் பிரித்தேன்.

படித்து முடிக்கும்போது மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. என் கை மெயின் சுவிட்சில் இருந்தது; அதை அணைத்தால் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். லிஃப்ட் ஐந்தில் போய் நின்றது. கதவு திறந்தது, மூடியது. அந்த ஆளின் அம்மா "வாப்பா" என்றது மேலேவரைக்கும் கேட்டது. கை அங்கேயேதான் இருந்தது. நான் நல்லவனாக விட்டேன் என்று எழுத மாட்டேன். கடிதம் இன்னொரு கையில் இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் படியில் பையன் உட்கார்ந்திருந்தான்.

அக்கா, விஷயம் வெளியே வந்த நாளுக்குப் பிறகு பையன் முதல் மாடிக்குக்கூட ஏறியதில்லை. மொட்டைமாடிக்கு வர ஐந்தாம் மாடியைத் தாண்டாமல் வழி கிடையாது. அந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்திருக்கிறான். செருப்புகூடப் போடவில்லை.

"இங்க என்னடா பண்றே?"

"நீ என்ன பண்றே?"

"மோட்டார் பார்க்க வந்தேன்."

"இன்னைக்கு உனக்கு லீவு."

பக்கத்தில் உட்கார்ந்து, வேலையில் சொல்வதையே சொன்னேன். "நான் இங்கதான் இருக்கேன். உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்."

"அது லிஃப்ட்ல மாட்டினவங்களுக்குச் சொல்றது."

"ஆமா."

"அவங்க நம்புவாங்களா?"

"பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. திட்டுவாங்க. அப்பவும் நான் போகமாட்டேன்."

என் இடுப்பில் இருந்த சாவியைப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டினான். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "பழசு என் சின்ன ஷூக்குள்ள இருக்கு. ஸ்பேனரும்தான்" என்றான். பிறகு, "ஸ்பேனர் உள்ள போகலை, ஷூ கிழிஞ்சிடுச்சு" என்று அழ ஆரம்பித்தான். அத்தனை மாதத்தில் அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஷூவுக்காக.

கீழே இறங்கும்போது ஐந்தாம் மாடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனை அழைத்துப்போனேனா, அவன் என்னை இழுத்துப்போனானா, தெரியாது.

இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும் சாவியை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். காலையில் அவன் எடுத்துத் தருகிறான். தருவதற்கு முன் என் முகத்தை ஒரு பார்வை பார்க்கிறான். சில நாள் உடனே தருகிறான், சில நாள் யோசித்துத் தருகிறான். எங்கள் சூப்பர்வைசர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் கட்டிடத்து லிஃப்டை இனிப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "அப்ப முழு வாடகை" என்றார் செயலாளர். எத்தனை மாதம் தாக்குப் பிடிப்போம் என்று தெரியவில்லை. கேஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த ஆள் வருவது நிற்கவில்லை. இந்த ஞாயிறு காலையில் மூன்று பேரும் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தோம், இனி வாராவாரம் அப்படித்தான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஒரு டீக்கடை இருக்கிறது. எதுவும் மாறவில்லை, அக்கா. சுவரில் சத்தம் வரும்போது பையன் கை இப்போதும் நிற்கிறது. ஆனால் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் மனைவியும் வருகிறோம். எனக்குக் கதவுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டும்.

பாயைச் சுருட்டிவிட்டேன். பையன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தாண்டாமல் நடந்து போனான். எனக்குத்தான் கட்டிலில் கண் மூட முடியவில்லை. நீங்கள் எப்படி ஒரே நாளில் விட்டீர்கள்?

லிஃப்ட் தம்பி


மார்ச் 5

லிஃப்ட் தம்பிக்கு,

கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்குக் கடும் போட்டி. இப்போது அதில் உட்காருகிற அம்மா, வந்த நாளிலிருந்து கைப்பையைத் தோளிலிருந்து இறக்கியதில்லை, எந்த நிமிஷமும் ஓடிவிடுவார் போல. அவரிடம் பேசினேன். "புதுசா ஒரு அப்பா வர்றார், அவருக்கு உங்க இடம் வேணுமாம்" என்றேன். யோசித்தார். "ஆம்பளையா? வரட்டும், வரட்டும்" என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கைப்பையை இறக்கவில்லை. உங்களுக்காக ஒருத்தர் ஓடுகிற வழியை விட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் நமுத்துப்போயிருக்கும், யாரும் குறை சொல்வதில்லை. பல் மெஷின் ஓடும்போது எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த நேரத்தில் அழுதுகொள்ளலாம், சத்தம் கேட்காது. என் நீராவியைவிட அது நல்ல ஏற்பாடு.

உங்கள் கடிதத்தைக் கண்ணாடி மேடத்திடம் படித்துக் காட்டினேன், உங்களைக் கேட்காமல்தான். அதற்குத் திட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததைத் திரும்பத் தலைமேல் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரவைப் பற்றி வக்கீலிடம் சொல்லி, ஜாமீன் நிபந்தனையில் அந்தக் கட்டிடத்தையே சேர்க்கச் சொல்லி மனு போடலாம் என்கிறார். ஆகும் என்று அவர் சொல்லவில்லை, போடலாம் என்றுதான் சொன்னார். உங்களைப் போலவே அவரும் நேரம் சொல்லாத ஆள்.

சாவி விஷயத்தில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்கிற யோக்கியதை போன மாதத்தோடு போய்விட்டது. ஒன்றே ஒன்று: என்றைக்காவது ஒரு நாள் சாயந்திரம் அவன் விளையாட்டு மும்முரத்தில் சாவி கேட்க மறந்துபோவான். அன்றைக்கு நீங்களாக நினைவுபடுத்தாதீர்கள். மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுங்கள்.

கத்திரிக்கோல் கதையின் சரியான பாடத்தைப் போன கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். யாருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை. முடிந்ததும் ஒரு அம்மா வந்து, "என் பொண்ணு எங்க வீட்டு மண்ணெண்ணெயைக் கீழ கொட்டினா, நான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினார். வீட்டுக்குத்தான் ஓடியிருப்பார்.

வாருங்கள். உங்கள் மனைவிக்குப் புருவம் இலவசம். உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

பார்லர் அக்கா

பின்குறிப்பு: பாயை எப்படி ஒரே நாளில் விட்டீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாட்ச்மேனிடம் கொடுத்தது நிஜம். மறுநாள் வேறு பாய் வாங்கினேன். மகள் வேலைக்காக வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கத்திரிக்கோலைப் பற்றிக்கூடப் போனில்தான் கேட்டேன். அவள் அறையில் இப்போது பழைய ஹேர் டிரையர் பெட்டிகள்தான் இருக்கின்றன. நேற்றும் அந்த வாசலில்தான் படுத்தேன்.